சேமித்த தீம் அமைப்புகளைச் சிதையாமல் மீட்டுப் பயன்படுத்துதல்

கோலாலம்பூரில் சிறு கடைகளுக்கும் ஆலயங்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் வேர்ட்பிரஸில் இணையத்தளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். இத்தளங்களை அன்றாடம் கையாள்பவர்களுக்கு நிரல் எழுதத் தெரியாது. பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை நடத்தும் அக்கா, செந்தூலில் ஆலயச் செயலாளராக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் தொண்டாற்றும் ஒரு தாய் ஆகியோர்தாம் ‘கஸ்டமைசர்’ பக்கத்தைத் திறந்து, தலைப்புப் பட்டையின் நிறத்தையும் சின்னத்தையும் அடிப்பகுதி வாசகத்தையும் தம் விருப்பப்படி மாற்றி, வெளியிடும் பொத்தானை அழுத்துகிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது அப்போதே தரவுத்தளத்தில் பதிவாகிவிடும். பதிவானதைத் திரும்ப எடுத்து, அவர்கள் எண்ணியபடியே பக்கத்தில் காட்டுவது, தளத்தின் தோற்றத்தைத் தரும் கோப்புத் தொகுப்பான தீமின் நிரலை எழுதியவரின் கடமை. ஓர் அமைப்பைச் சேர்ப்பது எப்படி என்று கற்பிக்கும் பாடங்கள் ஏராளமாக உள்ளன. சேமித்ததைப் படித்தெடுக்கும் பகுதியை அவை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. “தம்பி, போன வாரம் நான் மாத்தின நிறம் எங்கே போச்சு?” என்று தொலைபேசியில் கேட்கப்படும் கேள்விக்கு விடை பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

முதலில் இந்த அமைப்புகள் எங்கே தங்கியிருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். கஸ்டமைசர் 2012 ஜூன் மாதம் வெளிவந்த வேர்ட்பிரஸ் 3.4 பதிப்பில் அறிமுகமானது. ஆனால் அது நம்பியிருக்கும் சேமிப்பு முறை, 2007இல் வந்த 2.1 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஒரு தீமின் அமைப்புகள் தனித்தனி வரிசைகளாகப் பதிவாவதில்லை. ‘ஆப்ஷன்ஸ்’ அட்டவணையில் ‘தீம்_மாட்ஸ்_’ என்று தொடங்கி அந்தத் தீமின் அடைவு (ஃபோல்டர்) பெயரில் முடியும் ஒரே ஒரு பதிவுக்குள், நிறம், சின்னம், பட்டியல்களின் (மெனு) இடம், அடிப்பகுதி வாசகம் எல்லாம் ஒரே அணியாக, அதாவது பெயரும் மதிப்புமாக அடுக்கிய தொகுப்பாக, கட்டப்பட்டு இருக்கின்றன. ‘கெட்_தீம்_மாட்’ என்ற ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல்துண்டு) அந்த அணியைத் திறந்து, நாம் கேட்ட பெயருக்குரிய மதிப்பை மட்டும் தருகிறது. நடப்பிலுள்ள தீமின் பதிவு ஒவ்வொரு பக்கத்தின் தொடக்கத்திலும் மற்ற பொது அமைப்புகளோடு சேர்ந்து தானாகவே நினைவகத்துக்கு வந்துவிடுவதால், ஒரே பக்கத்தில் அந்த ஃபங்ஷனைப் பலமுறை அழைத்தாலும் தரவுத்தளத்துக்குப் பலமுறை போய்வர வேண்டியதில்லை. வேகத்துக்காகத் தனியாக ஒரு தற்காலிகச் சேமிப்பை நாமே கட்டிக்கொள்ளும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது; அதற்குத் தேவையே இல்லை என்பதோடு, பழைய மதிப்பு ஒட்டிக்கொண்டு நிற்பதற்கும் அதுவே காரணமாகிவிடுகிறது.

இனி, மிகுதியான குழப்பத்துக்கு இடமாகும் இயல்பு மதிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கஸ்டமைசரில் ஓர் அமைப்பைப் பதிவு செய்யும்போது ‘ஆட்_செட்டிங்’ வழியாக அதற்கு ஓர் இயல்பு மதிப்பைக் கொடுக்கிறோம்; தலைப்புப் பட்டைக்குக் குங்குமச் சிவப்பு என்று வைத்துக்கொள்வோம். கஸ்டமைசரின் முன்னோட்டத்தில் பட்டை குங்குமச் சிவப்பாகவே தெரியும். அதை மூடிவிட்டுத் தளத்தின் முகப்பைத் திறந்தால், பட்டைக்கு நிறமே இராது. ஏனென்றால், அந்த இயல்பு மதிப்பு கஸ்டமைசருக்குள் மட்டும்தான் அறியப்பட்டிருக்கிறது. வாசகர் பார்க்கும் சாதாரணப் பக்கம் உருவாகும்போது, அமைப்புகளைப் பதிவு செய்யும் நம் நிரலை இயக்கும் இணைப்பிடமான ‘கஸ்டமைஸ்_ரெஜிஸ்டர்’ ஹூக் இயங்குவதில்லை. ஆகவே ‘கெட்_தீம்_மாட்’ தரவுத்தளத்தில் எதுவும் இல்லாததைக் கண்டு ‘ஃபால்ஸ்’ என்று திருப்பித் தருகிறது. முன்னோட்டத்தின்போது மட்டும், சேமித்த மதிப்பு இல்லாத இடத்தில் இயல்பு மதிப்பை வைத்துக் காட்டும் வேலையைக் கஸ்டமைசரே செய்துவிடுவதால், தீமின் நிரலை எழுதியவர் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருப்பது போன்ற தோற்றம் ஏற்படுகிறது.

தீர்வு எளிது: ‘கெட்_தீம்_மாட்’ ஃபங்ஷனின் இரண்டாம் அளபுருவாக (அழைக்கும்போது தரும் உள்ளீடு) அதே இயல்பு மதிப்பைக் கொடுக்க வேண்டும். ஆனால், ‘ஹெடர்’ கோப்பில் ஒரு முறை, ‘ஃபுட்டர்’ கோப்பில் ஒரு முறை, பக்கத்தின் தோற்ற விதிகளான சிஎஸ்எஸ் உருவாகும் இடத்தில் ஒரு முறை, பதிப்பானின் தோற்றத்துக்கு ஒரு முறை என்று அதை நான்கு இடங்களில் எழுதினால், ஒரு நாள் அவற்றுள் ஒன்று மட்டும் மாறி, மற்றவை பழையபடியே நிற்கும். ஆகவே எல்லா இயல்பு மதிப்புகளையும் ஒரே அணியாகத் திருப்பித் தரும் ஒரு ஃபங்ஷனை எழுதி, கஸ்டமைசரில் பதிவு செய்யும்போதும் அதிலிருந்தே எடுப்பதும், பக்கத்தில் படிக்கும்போதும் அதிலிருந்தே எடுப்பதும்தான் நான் கைக்கொள்ளும் முறை. அமைப்பின் பெயரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த அணியிலுள்ள இயல்பு மதிப்பைத் தானே சேர்த்து ‘கெட்_தீம்_மாட்’ ஃபங்ஷனை அழைக்கும் சிறிய உறை ஃபங்ஷன் ஒன்று இருந்துவிட்டால், தீமின் வேறெந்தக் கோப்பிலும் இயல்பு மதிப்பு என்பதே கண்ணில் படாது. புதிதாக ஓர் அமைப்பு தேவைப்படும்போது ஒரே இடத்தில் எழுதினால் போதும்.

இயல்பு மதிப்பில் இன்னொரு நுட்பம் உண்டு. தளத்தின் உரிமையாளர் அதை ஒருபோதும் ஊகிக்க முடியாது. கஸ்டமைசர், மாற்றப்பட்ட அமைப்புகளை மட்டுமே சேமிக்கிறது. பூக்கடை அக்கா முன்னோட்டத்தில் குங்குமச் சிவப்பைப் பார்த்து, ‘இதுவே நன்றாக இருக்கிறது’ என்று மனம் நிறைந்து, தொலைபேசி எண்ணை மட்டும் திருத்தி வெளியிட்டால், தொலைபேசி எண் பதிவாகும், சிவப்பு பதிவாகாது. அவரைப் பொறுத்தவரை அவர் சிவப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டார். தரவுத்தளத்தைப் பொறுத்தவரை அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. அடுத்த ஆண்டு தீமின் புதிய பதிப்பில் நாம் இயல்பு நிறத்தை நீலமாக்கினால், அவருடைய கடைத் தளம் ஒரே இரவில் நீலமாகிவிடும். கொடுத்துவிட்ட தீமின் இயல்பு மதிப்பை மாற்றுவது அவருடைய தளத்தையே மாற்றுவதற்குச் சமம் என்பது என் உறுதியான கருத்து. மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், புதிய பதிப்பு முதன்முறை இயங்கும்போது, சேமித்த மதிப்பு இல்லாத அமைப்புகளுக்குப் பழைய இயல்பு மதிப்பை ‘செட்_தீம்_மாட்’ மூலம் எழுதி நிலைப்படுத்திவிட்டு, அதன் பிறகே புதிய இயல்பு மதிப்பை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். சில வரி நிரல்தான்; உரிமையாளரின் நம்பிக்கை அந்தச் சில வரிகளில் தங்கியிருக்கிறது.

சேமிக்கப்படாத மதிப்பும், வெறுமையாகச் சேமிக்கப்பட்ட மதிப்பும் வெவ்வேறானவை. ‘கெட்_தீம்_மாட்’ இந்த வேறுபாட்டைச் சரியாகவே காக்கிறது: அந்தப் பெயரில் பதிவு இல்லையென்றால்தான் அது இயல்பு மதிப்பைத் தரும், வெற்று வாசகம், பூஜ்யம், ‘ஃபால்ஸ்’ ஆகியவை பதிவாகியிருந்தால் அவற்றையே தரும். அதைக் கெடுப்பது அதற்குப் பின் நாம் எழுதும் நிரல். கிடைத்த மதிப்பு வெறுமையா என்று ‘எம்ப்டி’ கொண்டு சோதித்து, வெறுமையென்றால் இயல்பு மதிப்பைப் போட்டுவிடும் வரி பல தீம்களில் காணப்படுகிறது. ஆலயத் தளம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முகப்பிலுள்ள கோபுரப் படத்தின்மேல் எழுத்துகள் தெளிவாகத் தெரிவதற்காக ஒரு கருநிழல் படர்ந்திருக்கும். அதன் அடர்த்தியை 0 முதல் 100 வரை வைக்கலாம், இயல்பு மதிப்பு 40. வண்ணம் தீட்டிக் கும்பாபிஷேகம் முடிந்த புதுக் கோபுரத்தின் படத்தை ஏற்றிய செயலாளர், நிழலே வேண்டாமென்று 0 வைத்து வெளியிடுகிறார். வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி மொழியில் பூஜ்யமும் ‘0’ என்ற வாசகமும் வெறுமையாகவே கருதப்படுவதால், அந்தச் சோதனை வரி 40ஐத் திரும்பக் கொண்டுவந்துவிடும். அவர் எத்தனை முறை 0 வைத்தாலும் கோபுரம் மங்கலாகவே தெரியும். முன்னிருந்த வாசகத்தை அழித்துவிட்டு அடிப்பகுதியை வெறுமையாக விட விரும்புபவருக்கும் இதே கதிதான். வெறுமை என்பதும் ஒரு தேர்வு; அதை மதிக்க வேண்டும். ‘மறுபடியும் இயல்பு நிலைக்குக் கொண்டுவா’ என்ற வசதி தேவையென்றால், அதற்கு ‘ரிமூவ்_தீம்_மாட்’ தனியாக இருக்கிறது. அது பதிவையே நீக்கிவிடும்.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கஸ்டமைசரில் படத்துக்கென உள்ள பழைய கட்டுப்பாடு, படத்தின் இணைய முகவரியைச் சேமிக்கிறது. ஊடகத்துக்கென உள்ள கட்டுப்பாடு, ஊடக நூலகத்தில் அப்படத்துக்குரிய அடையாள எண்ணைச் சேமிக்கிறது. எண்ணைச் சேமிப்பதே நல்லது. தளத்தின் முகவரி மாறினாலும் எண் மாறாது. எண்ணைக் கொண்டு படத்தை எடுக்கும்போது, கைப்பேசிக்கும் கணினிக்கும் ஏற்ற அளவுகளும், நூலகத்தில் தமிழில் எழுதி வைத்த மாற்று விளக்கமும் சேர்ந்தே வருகின்றன. 2016 ஏப்ரலில் வெளிவந்த 4.5 பதிப்பில் தளச் சின்னத்துக்கென வந்த வசதியும் எண்ணையே சேமிக்கிறது.

சேமிக்கும்போது தூய்மைப்படுத்துவதும், காட்டும்போது பாதுகாப்பாக்குவதும் இரண்டு வேறு வேலைகள். ஒன்றைச் செய்துவிட்டால் மற்றொன்று வேண்டாம் என்று ஆகாது. வாசகமாகக் காட்டும் இடத்தில் ‘எஸ்க்_எச்டிஎம்எல்’, பண்புக்கூற்றுக்குள் ‘எஸ்க்_ஆட்டர்’, முகவரிக்கு ‘எஸ்க்_யூஆர்எல்’ என்று வெளியீட்டின் இடத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிறத்துக்கு ‘சானிடைஸ்_ஹெக்ஸ்_கலர்’ பொருத்தமானது: அது மூன்று அல்லது ஆறு இலக்க நிறக்குறியீட்டை மட்டுமே ஏற்கும், வெற்று வாசகத்தை வெறுமையாகவே விடும், மற்றவற்றைத் தள்ளிவிடும். தமிழில் தளம் நடத்துவோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ‘சானிடைஸ்_டெக்ஸ்ட்_ஃபீல்ட்’ தமிழ் எழுத்துகளைக் காப்பாற்றும். ‘சானிடைஸ்_கீ’ என்பதோ ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் எண்களையும் இரண்டு குறிகளையும் தவிர அனைத்தையும் நீக்கிவிடும். தேர்வுப் பட்டியலின் மதிப்புகளுக்கென எழுதிய தூய்மைப்படுத்தும் ஃபங்ஷனையே வாசகப் பெட்டிக்கும் பயன்படுத்திவிட்டால், ‘அருள்மிகு’ என்று தொடங்கும் ஆலயப் பெயர் முழுதும் மறைந்து வெறும் பெட்டி எஞ்சும்.

மீட்டெடுத்த மதிப்பைச் சிஎஸ்எஸ்ஸுக்குள் எப்படிக் கொண்டுபோவது என்பதில் எனக்குத் தெளிவான விருப்பம் இருக்கிறது. ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனி விதியை அச்சிடுவதை விட, நிறம், எழுத்தளவு, வரியிடைவெளி ஆகியவற்றைச் சிஎஸ்எஸ் மாறிகளாக ஒரே இடத்தில் அறிவித்து, அந்த அறிவிப்பை ‘டபிள்யூபி_ஆட்_இன்லைன்_ஸ்டைல்’ வழியாகத் தீமின் முதன்மைத் தோற்றக் கோப்போடு இணைத்துவிடுவது நல்லது. தீமின் சிஎஸ்எஸ் கோப்பு அந்த மாறிகளை மட்டுமே அறியும், தரவுத்தளத்தை அறியாது. உருவாக்கிய சிஎஸ்எஸ்ஸைக் கோப்பாக எழுதி வைக்கும் தீம்களும் உண்டு. அவ்வாறு செய்பவர்கள், அமைப்புகள் சேமிக்கப்பட்டவுடன் இயங்கும் ‘கஸ்டமைஸ்_சேவ்_ஆஃப்டர்’ ஹூக்கில் அந்தக் கோப்பைப் புதுப்பித்தே ஆக வேண்டும். பக்கங்களைச் சேமித்து வைக்கும் பிளகின் (வேர்ட்பிரஸில் கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்) இருக்கும் தளத்தில் அதன் சேமிப்பையும் அதே இடத்தில் நீக்க வேண்டும்.

எழுத்துரு அமைப்பைப் பற்றி இங்கே சற்று நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்த் தளத்தின் முகம் அதில்தான் இருக்கிறது. காடமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் என நல்ல இலவச எழுத்துருக்கள் கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கின்றன. ஆப்பிளின் மேக் கணினிகளிலோ, மலேசியரான முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி உடன் வருகிறது. உரிமையாளர் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். அதன் பெயர் சேமிக்கப்படுகிறது. பிறகு ஒரு நாள் தீமின் புதிய பதிப்பில் அந்த எழுத்துருவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால், சேமித்த பெயர் அப்படியே இருக்கும். அதற்குரிய கோப்பு இருக்காது. ஆகவே தேர்வுப் பட்டியலிலிருந்து வந்த மதிப்பை, சேமிக்கும்போது சோதித்தது போலவே படிக்கும்போதும் இன்றைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; அதில் இல்லாவிட்டால் இயல்பு எழுத்துருவுக்குத் திரும்ப வேண்டும். வரியிடைவெளிக்கும் கீழ் எல்லை ஒன்றை வைப்பது என் வழக்கம். ஆங்கிலத்துக்குப் போதுமானதாக இருக்கும் 1.4, தமிழில் கீழிறங்கும் உகரக் குறிகளும் மேலெழும் இகரக் குறிகளும் மேல்வரி கீழ்வரியோடு நெருங்குவதால் கண்ணைச் சோர்வடையச் செய்கிறது. 1.6க்குக் கீழ் போகாதபடி அமைப்பிலேயே வரம்பு கட்டிவிடலாம்.

நம் ஊரில் ஒரு தளம் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேச வேண்டியிருப்பது சாதாரணம். தீமின் நிரலுக்குள் எழுதப்பட்ட வாசகங்களை மொழிபெயர்ப்புக் கோப்புகள் மாற்றிவிடும். உரிமையாளர் கஸ்டமைசரில் தட்டச்சு செய்த வாசகத்தை அவை தொடாது. அது தரவுத்தளத்தில் ஒரே வாசகமாக இருக்கிறது. எந்த மொழிப் பக்கத்தைத் திறந்தாலும் அதுவே வரும். பாலிலாங் போன்ற பன்மொழிப் பிளகினைப் பயன்படுத்தும் தளத்தில், அந்த வாசகத்தைப் பிளகினிடம் பதிவு செய்துவிட்டு, ‘கெட்_தீம்_மாட்’ தந்த மதிப்பை அதன் மொழிபெயர்ப்பு ஃபங்ஷன் வழியாக அனுப்பலாம். பள்ளித் தளம் போன்ற சிறிய இடங்களில் நான் மொழிக்கு ஒன்றாக மூன்று வாசகப் பெட்டிகளையே வைத்துவிடுகிறேன். தலைமையாசிரியர் எதை எங்கே எழுத வேண்டும் என்று தயங்காமல் எழுதுகிறார். அப்போது நடப்பு மொழிக்குரிய பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் நிரலில் ஒரு சிறு கவனம் வேண்டும். வேர்ட்பிரஸில் தமிழுக்கு இந்தியக் குறியீடும் இலங்கைக் குறியீடும் தனித்தனியாக உள்ளன. முழுக் குறியீட்டை ஒப்பிட்டால், இலங்கைத் தமிழைத் தளமொழியாக வைத்திருக்கும் ஒருவருக்கு ஆங்கில வாசகம் போய்ச் சேரும்; முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டால் இச்சிக்கல் எழாது.

சேமித்த அமைப்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் காணாமற்போய்விட்டதாகத் தோன்றும் நிகழ்வுகளில், அவை உண்மையில் அழிந்திருப்பது அரிது. பதிவின் பெயர் தீமின் அடைவுப் பெயரோடு கட்டப்பட்டிருப்பதை முன்பே சொன்னேன். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பிலிருந்து தீமின் கோப்புகளைச் சுருக்கக் கோப்பாகப் பதிவிறக்கினால், அடைவுப் பெயரின் இறுதியில் நிரல் கிளையின் (பிராஞ்ச்) பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். அதை அப்படியே ஏற்றி இயக்கினால் வேர்ட்பிரஸுக்கு அது வேறொரு தீம். அதற்கென வேறொரு பதிவைத் தேடும். எதுவும் கிடைக்காமல் எல்லாவற்றுக்கும் இயல்பு மதிப்பைக் காட்டும். அடைவுப் பெயரைப் பழையபடி மாற்றி இயக்கியதும் எல்லாம் திரும்பிவிடும். ஒரு தாய்த் தீமின்மேல் நம் மாற்றங்களை மட்டும் சேர்க்கும் சைல்டு தீமுக்கு மாறும்போதும் இதுவே நடக்கிறது: தோற்றமும் நிரலும் தாய்த் தீமிலிருந்து வருகின்றன, சேமித்த அமைப்புகள் வருவதில்லை. தளம் இயங்கத் தொடங்கிய பின் சைல்டு தீம் சேர்ப்பவர்கள், தீம் மாறியதும் இயங்கும் ‘ஆஃப்டர்_ஸ்விட்ச்_தீம்’ ஹூக்கில் தாய்த் தீமின் பதிவைப் படித்து, சைல்டு தீமில் ஏற்கெனவே இருக்கும் மதிப்புகளை மேலெழுதாமல், இல்லாதவற்றை மட்டும் நிரப்ப வேண்டும். முதல் நாளிலேயே சைல்டு தீமோடு தொடங்கினால் இந்தத் தொல்லையே எழாது.

உண்மையிலேயே அழிவு நேர்வது, ஒரு வழங்கியிலிருந்து (சர்வர்) மற்றொன்றுக்குத் தளத்தை மாற்றும்போது. அந்த ஒற்றைப் பதிவு, பிஎச்பியின் ‘சீரியலைஸ்’ வடிவத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அவ்வடிவத்தில் ஒவ்வொரு வாசகத்துக்கும் முன்னால் அதன் நீளமும் எழுதப்பட்டிருக்கும். அந்த நீளம் எழுத்துகளின் எண்ணிக்கையைக் குறிப்பதில்லை, பைட்டுகளின் எண்ணிக்கையைக் குறிக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளைப் பிடிக்கும். ‘தமிழ்ப்பள்ளி’ என்ற சொல்லில் நம் கண்ணுக்குத் தெரிவன ஏழு எழுத்துகள், யூனிகோட் குறிகளாக எண்ணினால் 12, பைட்டுகளாக 36. தரவுத்தளத்தின் நகலை ஓர் எழுத்துத் திருத்தியில் திறந்து, பழைய முகவரி இருக்கும் இடங்களில் புதிய முகவரியை மாற்றினாலோ, பள்ளியின் பெயரில் ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்தாலோ, எழுதப்பட்ட நீளமும் உண்மையான நீளமும் பொருந்தாமற்போகும். ஒரு வாசகத்தின் நீளம் தவறினாலும் அணி முழுவதையும் பிஎச்பியால் பிரிக்க முடியாது. நிறம், சின்னம், பட்டியல், வாசகம் அனைத்தும் ஒருசேரக் கைவிட்டுப் போகும். இதற்கென டபிள்யூபி-சிஎல்ஐ என்ற கட்டளைவரிக் கருவியில் ‘சர்ச்-ரீப்ளேஸ்’ கட்டளை இருக்கிறது. அது கட்டைப் பிரித்து, மாற்றி, சரியான நீளத்தோடு மீண்டும் கட்டுகிறது. வேறு எந்தக் குறுக்குவழியையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த அமைப்பு தீமுக்குள் இருக்கலாம் என்ற கேள்வியும் இதிலிருந்தே எழுகிறது. தீம் மாறினால் போக வேண்டியவை தீமின் அமைப்புகளாக இருக்கட்டும்: பட்டையின் நிறம், பக்க அகலம், முகப்பின் அடுக்கு போன்றவை. தீம் மாறினாலும் இருந்தே ஆக வேண்டியவை வேறு: ஆலயத்தின் பதிவு எண், பூசை நேரம், கடையின் தொலைபேசி எண், பள்ளியின் முகவரி. இவற்றைத் தீம் மாட்களாக, அதாவது தீமின் அமைப்புகளாகச் சேமிப்பது, உரிமையாளரை அந்தத் தீமிலேயே கட்டிப்போடும் செயல். கஸ்டமைசரில் அமைப்பைப் பதிவு செய்யும்போது வகையை ‘ஆப்ஷன்’ என்று கொடுத்தால், அது தீமோடு ஒட்டாமல் தளத்தின் பொது அமைப்பாகப் பதிவாகும். படிக்கும்போது ‘கெட்_ஆப்ஷன்’ பயன்படுத்த வேண்டும். இன்னும் நல்லது, அந்த அமைப்பைப் பதிவு செய்யும் நிரலையே ஒரு சிறு பிளகினில் வைத்துவிடுவது. வேர்ட்பிரஸ் குழுவினரும் இதே திசையில்தான் நடந்திருக்கிறார்கள்: 2021 ஜூலையில் வந்த 5.8 பதிப்பில், முன்பு தீம் மாடாக மட்டும் இருந்த தளச் சின்னத்துக்குத் தளத்தின் பொது அமைப்புகளிலும் ஓர் இடம் கொடுத்து, இரண்டையும் ஒத்திசைய வைத்தார்கள். சின்னம் தளத்துக்குரியது என்ற எண்ணத்தை அதில் காண்கிறேன்.

பண்டிகைக் காலத் தோற்றத்துக்கு உதவும் வசதி ஒன்று 2017 நவம்பரில் வந்த 4.9 பதிப்பிலிருந்து கஸ்டமைசரில் இருக்கிறது. மாற்றங்களை வரைவாக வைத்து, குறித்த நாளில் குறித்த நேரத்தில் தாமாகவே வெளியாகும்படி செய்யலாம். தீபாவளிக்கு விளக்கு நிறத்தையும், தைப்பூசத்துக்குக் காவடிப் படத்தையும் முன்கூட்டியே அமைத்து வைக்க விரும்பும் ஆலயங்களுக்கு இது பெரிய உதவி. தளத்தின் நேர மண்டலம் கோலாலம்பூர் என்று வைக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். அது உலகப் பொது நேரத்திலேயே விடப்பட்டிருந்தால், நள்ளிரவுக்கு என்று குறித்த மாற்றம் நமக்குக் காலை எட்டு மணிக்குத்தான் வரும். அதற்குள் பக்தர்கள் பாதி பேர் பத்துமலையில் இருப்பார்கள். வேர்ட்பிரஸின் காலக்கட்டளைகள் யாராவது தளத்துக்கு வரும்போதுதான் இயங்கும் என்பதையும் கருத்தில் கொண்டு, வருகை குறைந்த தளங்களில் வழங்கியிலேயே ஒரு காலக்கட்டளையை அமைத்துவிடுவது நன்று.

2022 ஜனவரியில் வந்த 5.9 பதிப்பிலிருந்து, பக்கத்தின் எல்லாப் பகுதிகளும் பிளாக்குகளால் ஆன பிளாக் தீம்களில் கஸ்டமைசரின் இடத்தைத் தளப் பதிப்பான் எடுத்துக்கொண்டது. அங்கே தீமின் இயல்பு மதிப்புகள் ‘தீம்.ஜேசன்’ கோப்பில் உள்ளன. உரிமையாளர் செய்த மாற்றங்கள் ‘குளோபல் ஸ்டைல்ஸ்’ என்ற தனிப் பதிவு வகையில், தரவை எழுத்து வடிவில் அடுக்கும் ஜேசன் வடிவில் சேமிக்கப்படுகின்றன. வேர்ட்பிரஸின் மதிப்பு, தீமின் மதிப்பு, உரிமையாளரின் மதிப்பு என்ற வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து, இறுதி மதிப்பைச் சிஎஸ்எஸ் மாறிகளாக அதுவே வெளியிடுகிறது. இயல்பு மதிப்பை ஒரே இடத்தில் வைப்பது, மாறிகளாக அறிவிப்பது என்று நாம் கையால் செய்துவந்த வேலைகளை அது எடுத்துக்கொள்வதை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். நீளக் கணக்கு இல்லாத ஜேசன் வடிவம், தளம் மாற்றும்போது ஏற்படும் அச்சத்தையும் பெருமளவு குறைக்கிறது. ஆனால் இரண்டு விதிகள் அங்கேயும் மாறவில்லை. அந்தப் பதிவும் தீமின் பெயரோடு கட்டப்பட்டதே. உரிமையாளர் மாற்றாமல் விட்டவை அங்கேயும் பதிவாவதில்லை. ‘தீம்.ஜேசன்’ கோப்பில் ஒரு நிறத்தை மாற்றி அனுப்பினால், அதைத் தொடாத ஒவ்வொரு தளத்திலும் அந்நிறம் மாறும்.

பழைய தீமிலிருந்து பிளாக் தீமுக்கு ஒரு தளத்தை மாற்றுவதற்கு முன், டபிள்யூபி-சிஎல்ஐ கருவியின் ‘தீம் மாட் லிஸ்ட்’ கட்டளையால் சேமித்த அமைப்புகள் அனைத்தையும் ஜேசன் கோப்பாக எடுத்து உரிமையாளரிடமும் ஒரு படி கொடுத்துவிடுகிறேன். பிறகு அவரோடு அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். நிறமும் எழுத்துருவும் வரியிடைவெளியும் ‘குளோபல் ஸ்டைல்ஸ்’ பக்கம் போகின்றன. முகவரியும் பூசை நேரமும் பிளகினுக்குப் போகின்றன. கஸ்டமைசரின் கூடுதல் சிஎஸ்எஸ் பெட்டியில் எழுதியவை 4.7 பதிப்பிலிருந்து தனிப் பதிவாக வைக்கப்படுவதால், அந்தப் பதிவையும் தேடி எடுத்துக்கொள்கிறோம். பட்டியலில் இல்லாத அமைப்புகளே இந்த வேலையில் அதிக நேரம் எடுக்கும். அவை உரிமையாளர் இயல்பு மதிப்பை ஏற்றுக்கொண்டு தொடாமல் விட்டவை, எனவே பழைய தீமின் நிரலைத் திறந்து அந்த மதிப்புகளைக் குறித்துக்கொண்டு, புதிய தளத்தில் வெளிப்படையாக எழுதி வைக்க வேண்டும்.